பெற்றவரை நடுவில் வைக்காமல் உடன்பிறந்தவரோடு மறுபடி பேசத் தொடங்குவது

அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பேச்சு நின்றுபோன பல வீடுகளில் சண்டை அந்த இருவருக்குள் தொடங்கியதே இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றி இன்னொரு பிள்ளையிடம் குறை சொல்லிக்கொண்டே இருந்த அம்மா, ஒருவரைத் தலையில் தூக்கி வைத்து மற்றவரை மட்டம் தட்டிய அப்பா, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன ஒருவர் என்று முடிச்சு வேறெங்கோ விழுந்திருக்கும். குடும்ப சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் மரே போவன் இதை ‘முக்கோணம்’ என்றார். இருவருக்கிடையே இறுக்கம் ஏறும்போது, அதைத் தாங்க மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வது. வீட்டில் அப்படிக் கைக்கு எட்டும் மூன்றாவது ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளைதான்.

அதனால் இங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். பெற்றவர் வழியாக ஓடிக்கொண்டிருந்த கம்பியைக் கழற்றிவிட்டு, உங்கள் இருவருக்கும் இடையே நேராக ஒரு கம்பி இழுப்பது. பெற்றவரைப் பற்றி இருவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த முடிவுக்கு வந்த பிறகுதான் பேசுவோம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

இப்படி ஒரு நிலை உங்கள் வீட்டில் மட்டும்தான் என்ற கூச்சம் இருந்தால் அதையும் விட்டுவிடலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்லிமர் 1,300-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் எடுத்து 2020-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 27 சதவீதம் பேர் குடும்பத்தில் யாரோ ஒருவரோடு உறவு அறுந்திருப்பதாகச் சொன்னார்கள். உடன்பிறந்தவரோடு என்றவர்கள் 8 சதவீதம்.

முதலில் ஒரு தாள்

போனை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘நான் நேரில் பார்த்தது, அவர் வாயால் கேட்டது’. வலப்பக்கம் ‘மற்றவர் சொல்லித் தெரிந்தது’. உடன்பிறந்தவர் மேல் இருக்கும் ஒவ்வொரு கோபத்தையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். ‘அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை’ என்று எழுதப் போகும்போதுதான் கேள்வி வரும். அவனுக்கு விஷயத்தைச் சொன்னது யார்? எப்போது சொன்னார்கள்? ‘அவன் வர வேண்டாம்’ என்று அப்பாவே சொல்லியிருந்தால்? பதில் தெரியவில்லை என்றால் அது வலப்பக்கத்துக்குப் போக வேண்டியது. எழுதி முடித்துப் பார்த்தால் வலப்பக்கம் நீளமாக இருப்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அப்போது உங்கள் இருவருக்கும் என்ன வயது என்று எண்ணில் போடுங்கள். 14, 11. 9, 6. இந்த எண்களைத் தவிர்த்துவிடாதீர்கள். ‘என்னைக் காட்டிக் கொடுத்தவள்’ என்று இருபது வருடமாக மனதில் இருப்பவள், காட்டிக் கொடுத்தபோது 6 வயதுக் குழந்தை, எதிரில் கோபமாக நின்றது ஒரு பெரியவர் என்பது அந்த எண்ணைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

தாளின் பின்பக்கத்தில் இப்போது எதற்காகப் பேச நினைக்கிறீர்கள் என்று ஒரே வரி எழுதுங்கள். ஒரு கையெழுத்து வேண்டும், வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம் என்றால் அதில் தப்பில்லை. ஆனால் அதை ‘உன் ஞாபகமாவே இருக்கு’ என்ற உறையில் போட்டு அனுப்பக் கூடாது. இரண்டாவது பேச்சில் கையெழுத்து விஷயம் வெளியே வரும்போது முதல் பேச்சும் பொய்யாகிப்போகும். வேலை இருந்தால் வேலை என்றே சொல்லிப் பேசுங்கள், உறவைத் தனியாக வையுங்கள்.

தொடங்கவே கூடாத இடங்களும் உண்டு. உடன்பிறந்தவரே உங்களை அடித்தவர், பாலியல் துன்பம் கொடுத்தவர், இப்போதும் மிரட்டுபவர் என்றால் இந்த வழிமுறை உங்களுக்கானது அல்ல. அனுபவமுள்ள மனநல ஆலோசகர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். ஆபத்து பெற்றவரிடமிருந்துதான், உடன்பிறந்தவர் அவரோடு தொடர்பில் இருக்கிறார் என்றால், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம் எதையும் சொல்லாமல் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி அதிலிருந்து எழுதலாம்.

முதல் செய்தி

எழுத்தில் அனுப்புங்கள். திடீரென்று போன் அடித்தால் எதிரில் இருப்பவர் அந்த நொடியே ஏதாவது ஒரு முகத்தைக் காட்டியாக வேண்டும். எழுத்து அவருக்கு அவகாசம் தரும். ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். குடும்பக் குழுவில் போடாதீர்கள், சித்தப்பா மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். பெற்றவர் மூலம் சொல்லி அனுப்புவது பழைய கம்பியையே மறுபடி மாட்டுவதாகும். ‘காலை வணக்கம்’ படம் ஒன்றை அனுப்பி ஆழம் பார்ப்பவர்கள் நிறைய. அது தெரியாமல் வந்ததா, வேண்டுமென்றே வந்ததா என்று வாங்கியவருக்குப் புரியாது. பதில் வராவிட்டால் ‘கை தவறிப் போயிடுச்சு’ என்று ஒதுங்கிக்கொள்ள அனுப்பியவருக்கு மட்டும்தான் அது வசதி.

ஒரு மாதிரி:

“அக்கா, நான் சின்னவன். ரொம்ப நாளா உனக்கு எழுதணும்னு இருந்தேன். அம்மா சொல்லி எழுதல, அவங்களுக்கு இது தெரியாது. பழசையெல்லாம் இப்பவே பேசித் தீர்க்கணும்னு இல்ல. நீ எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். முடிஞ்சா பதில் போடு. இப்ப வேண்டாம்னு தோணுச்சுன்னா அதுவும் சரி.”

இதில் கனமான வரி மூன்றாவது. பேச்சு நின்றுபோன வீட்டில் இப்படி ஒரு செய்தி வந்ததும் எதிரில் இருப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி ‘யார் எழுதச் சொன்னது?’ என்பதுதான். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். கடைசி வரி, மறுக்கும் உரிமையை அவர் கையில் கொடுக்கிறது. மறுக்கலாம் என்று தெரிந்தவருக்குத்தான் ஒப்புக்கொள்வதும் எளிது.

கூப்பிடும் விதத்தில் கவனம் வேண்டும். சின்ன வயதில் ‘நீ’ என்று பேசிய அக்காவுக்கு இப்போது ‘நீங்கள்’ போட்டால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். ‘நீங்க’ என்று பேசிய அண்ணனுக்குத் திடீரென்று ‘நீ’ போட்டால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். கடைசியாக நன்றாக இருந்த நாளில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். வீட்டுச் செல்லப்பெயர் சரிதான், ஆனால் அது கேலி செய்யப் பெற்றவர் வைத்த பட்டப்பெயராக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எழுதக் கூடாத வாக்கியங்கள் சில. ‘நடந்தது நடந்துபோச்சு’: உங்களுக்கு நடந்து முடிந்திருக்கலாம், அவருக்கு முடிந்ததா என்று தெரியாது. ‘என்ன இருந்தாலும் பெத்தவங்க’: பெற்றவரின் ஆளாக வந்திருக்கிறீர்கள் என்று இது ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா’: ‘இருந்தா’ என்ற சொல் மொத்தத்தையும் கெடுத்துவிடும். பெற்றவர் நடுவில் உட்கார்ந்திருக்கும் பழைய குடும்பப் படத்தையும் முதல் செய்தியோடு இணைக்காதீர்கள்.

அனுப்பியபின் நான்கு வாரம் பொறுங்கள். நீல டிக் விழுந்து பத்து நாளாகியும் பதில் இல்லை என்றால் அது மறுப்பு என்று அர்த்தமில்லை, யோசிக்கிறார் என்றும் இருக்கலாம். நான்கு வாரம் கழித்து ஒரே ஒரு முறை, முன்னதைவிடச் சின்னதாக, “என் நம்பர் இதுதான், மாறாது. எப்ப வேணும்னாலும் பேசலாம்” என்று எழுதலாம். அதோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் பதில் இல்லை என்று ஃபேஸ்புக்கிலும், அங்கும் இல்லை என்று அவர் கணவர் போனிலும் தேடினால் துரத்துவதாகத்தான் தெரியும்.

முதல் போன், முதல் சந்திப்பு

முதல் போன் பேச்சு 20 நிமிடம், அதிகம் போனால் அரை மணி. முடிவு நேரத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: “எட்டு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு, அதுவரை பேசலாம்.” இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, பேச்சு நன்றாகப் போவதுதான். அழுது, சிரித்து, மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். மறுநாள் காலையில் ஒருவருக்கு ‘இவ்வளவையும் ஏன் சொன்னோம்’ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். அடுத்த இரண்டு மாதம் ஆள் காணாமல் போய்விடுவார். மற்றவர் அதை ‘பழைய குணம் போகலை’ என்று படிப்பார். சொன்னதைப் பெற்றவரிடம் போட்டுக்கொடுத்த அனுபவம் இருக்கும் வீடுகளில் இந்தப் பயம் இரட்டிப்பாக இருக்கும். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று தோன்றும்போதே போனை வைத்துவிடுங்கள்.

நேரில் சந்திப்பது மூன்று நான்கு போன் பேச்சுக்குப் பிறகு போதும். யார் வீடும் வேண்டாம், வளர்ந்த வீடு வேண்டவே வேண்டாம். ஒன்று, ஒன்றரை மணி நேரம். எதிரெதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் நடந்தபடி பேசுவது எளிது. முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது கடினமான வார்த்தைகளும் வெளியே வரும். மது வேண்டாம். கணவன், மனைவி, பிள்ளைகள் இந்தத் தடவை வேண்டாம். உங்கள் துணைவர் இத்தனை வருடமாக ஒரு பக்கத்துக் கதையை மட்டும், அதுவும் நீங்கள் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், கேட்டவர். நீங்கள் ஆறிய பிறகும் அவர் கொதித்துக்கொண்டிருப்பார்.

என்ன பேசுவது? பெற்றவர் இல்லாத நினைவுகளைத் தேடி எடுங்கள். பள்ளிக்கூடம் போன வழி, இருவரும் சேர்ந்து ஒளித்து வைத்த நாய்க்குட்டி, மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம். வீட்டில் பெரியவர்கள் எப்படி இருந்தாலும் பிள்ளைகளுக்கு என்று ஒரு தனி உலகம் இருந்திருக்கும். நேர்க் கம்பியின் முதல் முனை அங்கேதான் மிச்சம் இருக்கிறது.

பெற்றவர் பேச்சில் வந்தே தீருவார்

வரும்போது நினைவுகள் மோதும்.

“அப்பா என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்லையே அண்ணா.”

“நீ பொய் சொல்ற. உனக்கு எல்லாம் தெரியும்.”

இந்த இரண்டாவது வரியில்தான் பல சந்திப்புகள் முடிந்துபோகின்றன. தங்கை சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அண்ணனுக்கு 8 வயதில் இருந்த அப்பாவுக்கு வேலை போயிருந்தது. தங்கைக்கு 8 வயதானபோது வேலை கிடைத்திருந்தது, குடி நின்றிருந்தது. ஒரே ஆள், இரண்டு அப்பாக்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று 1987-இல் உளவியலாளர்கள் ராபர்ட் ப்ளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் எழுதிய கட்டுரையின் சாரமே, ஒரு கூரைக்குக் கீழ் வளர்ந்தாலும் பிள்ளைகள் ஒரே சூழலில் வளர்வதில்லை என்பதுதான்.

நினைவும் நம்பகமான சாட்சி அல்ல. 2001-இல் மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் மூவரும் இரட்டையர்களிடம் ஆராய்ந்தபோது, ஒரே சம்பவத்தை ‘அது எனக்கு நடந்தது’ என்று இருவருமே உரிமை கொண்டாடுவதைப் பதிவு செய்தார்கள். இரட்டையர் அல்லாத உடன்பிறந்தவர்களிடமும் அது இருந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அடி வாங்கியது யார் என்பதிலேயே குழப்பம் வரும் என்றால், அடிக்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்பதில் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

அந்த இடத்தில் சொல்ல வேண்டியது: “உனக்கு அப்படி இருந்திருக்கு. எனக்கு வேற மாதிரி இருந்துச்சு.” கேட்கும் பக்கம் இருப்பவர் சொல்ல வேண்டியது: “நான் பார்த்ததில்ல. ஆனா நீ சொல்றதைக் கேக்குறேன்.” இதற்குமேல் அன்றைக்கு வேண்டாம். தங்கையிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினால்தான் உங்கள் வலி உண்மையாகும் என்று இல்லை.

வீட்டில் யாருக்கு என்ன வேடம் விழுந்தது என்பதும் இங்கே வெளிப்படும். அம்மா படுத்த படுக்கையாகவோ இல்லாமலோ போன வீட்டில், 12 வயதிலேயே தம்பி தங்கைகளை வளர்த்த அக்கா ‘என் வாழ்க்கையையே கொடுத்தேன்’ என்பார். வளர்க்கப்பட்டவர்களுக்கோ ‘எப்போதும் அதிகாரம் பண்ணினாள்’ என்றுதான் நினைவு. இரண்டும் நடந்தவைதான். நடைமுறையில் செய்யக்கூடியது: மூத்தவர் முதல் ஆறு மாதம் கேட்காமல் அறிவுரை சொல்வதில்லை, பணம் கொடுப்பதும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இளையவர் ஒரு கேள்வி கேட்கலாம்: “அப்ப உன்னை யார் பாத்துக்கிட்டாங்க?” செல்லப்பிள்ளையாக இருந்தவரின் சிக்கல் வேறு. வித்தியாசம் இருந்தது என்று ஒப்புக்கொண்டால் தனக்குக் கிடைத்த அன்பே பறிபோகும் என்ற பயத்தில் மறுத்துக்கொண்டே இருப்பார். “உன் மேல தப்பில்ல, நீயும் குழந்தைதான்” என்று ஒரு தடவை கேட்டபிறகு அவர்களால் கொஞ்சம் நிமிர்ந்து பேச முடியும்.

மன்னிப்புக் கேட்க வேண்டியது இருந்தால் ஒரு செயல், அதன் விளைவு, அதோடு முற்றுப்புள்ளி. “உன் டைரியை எடுத்து அம்மாகிட்ட கொடுத்தேன். அதுக்கப்புறம் நீ என்கிட்ட எதுவும் சொல்றதையே நிறுத்திட்ட. தப்பு பண்ணேன்.” இதன் பின்னால் ‘ஆனா அம்மாதான்’ என்று தொடங்கினால் கேட்ட மன்னிப்பும் செல்லாது. பதிலுக்கு மன்னிப்பை எதிர்பார்த்து நிற்கவும் வேண்டாம்.

பேச்சில் சூடு ஏறினால் நிறுத்திவிட்டுக் குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள். படபடப்பு அடங்க உடம்புக்கு அவ்வளவு நேரம் வேண்டும். ‘இப்ப போறேன், நாளைக்குப் பேசுறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவது முக்கியம். சொல்லாமல் போவதைத்தான் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டுப் போயிருப்பார்.

பெற்றவருக்குத் தெரியவரும்போது

பிள்ளைகளைத் தனித்தனியாக வைத்தே காரியம் பார்த்துப் பழகிய அம்மாவோ அப்பாவோ இதைச் சும்மா விட மாட்டார். ஒருவருக்குத் திடீர்ப் பரிசு, இன்னொருவருக்குத் திடீர் உடம்பு சரியில்லை, ‘உன்னைப் பத்தி அவ என்ன சொன்னா தெரியுமா’ என்ற தகவல். இவை எல்லாமே திட்டமிட்ட சதி என்று நினைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தால் தனக்கு இடமிருக்காது என்ற பயத்திலும் வரும். எந்தக் காரணமானாலும் உங்கள் பக்க ஏற்பாடு ஒன்றுதான், அதை முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பற்றிப் பெற்றவர் சொன்னது மற்றவர் காதுக்கு வந்தால், 24 மணி நேரத்துக்குள் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்: “அம்மா இப்படிச் சொன்னாங்க. நீ சொன்னியா?” குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம், சரிபார்க்கும் குரல் போதும். பெற்றவரிடம் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: “அதை நான் அவகிட்டயே கேட்டுக்கிறேன்மா.” விளக்கம் சேர்க்காதீர்கள், சேர்க்கும் ஒவ்வொரு வரியும் அடுத்த ஆளுக்குப் போகும் தகவல். முதல் சில தடவை அழுத்தம் கூடத்தான் செய்யும். தகவல் போய்ச் சேரும் வழி அடைபடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஒருவர் பெற்றவரோடு தொடர்பில் இருக்கிறார், இன்னொருவர் அறுத்துக்கொண்டார் என்றால், யாரும் யாரையும் மாற்ற முயலக் கூடாது என்பதே முதல் விதி. ‘நீயும் வந்து ஒரு தடவை பாரு’ என்பதும் ‘நீ ஏன் இன்னும் போற’ என்பதும் ஒரே மாதிரி இழுப்புதான். தொடர்பில் இருப்பவர் மற்றவரின் வேலை, வீடு, உடல்நிலை எதையும் அங்கே சொல்வதில்லை என்று வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டும். அறுத்துக்கொண்டவர், பெற்றவரைப் பற்றி எந்தச் செய்தி தனக்கு வர வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். ஆபத்தான நோய், மரணம் என்ற இரண்டு மட்டும் போதும் என்பவர்கள் உண்டு.

பெற்றவர் இல்லாமலே போனவர் என்றால்

விட்டுச்சென்றவரைத் தேட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றும், பெயரையே எடுக்காதே என்பார் மற்றவர். ஆள் உயிரோடு இருக்கிறாரா, திரும்புவாரா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் துக்கத்துக்குக் குடும்ப சிகிச்சையாளர் பாலின் பாஸ் 1970-களில் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். மரணத்துக்கு இருக்கும் முடிவு இதற்குக் கிடையாது. அதனால்தான் ஒரே இழப்பை இருவர் இரண்டு விதமாகச் சுமக்கிறார்கள். தேடுபவர் தேடட்டும், கிடைத்ததை மற்றவர் கேட்டால் மட்டும் சொல்லட்டும்.

அப்பா அல்லது அம்மா மட்டும் பொதுவாக உள்ளவர்கள் பெரியவர்களான பிறகே ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதும் உண்டு. டி.என்.ஏ. பரிசோதனை வழியாக என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முழு உடன்பிறப்புகள் சராசரியாக 50 சதவீதமும், ஒரு பெற்றவர் மட்டும் பொதுவானவர்கள் ஏறத்தாழ 25 சதவீதமும் பகிர்கிறார்கள். அதே 25 தாத்தா பாட்டிக்கும், பெற்றவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பொருந்தும். எண்ணை மட்டும் பார்த்து ‘நான் உன் அண்ணன்’ என்று எழுதிவிடாதீர்கள். இருவர் வயதையும் சேர்த்துப் பாருங்கள். அவருக்கு உங்களைப் பற்றித் தெரியவே தெரியாமல் இருக்கலாம். “நமக்குள் நெருங்கிய உறவு இருக்கும் போலத் தெரிகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா, வேண்டாமா?” என்று அனுமதி கேட்டு நிறுத்துங்கள்.

பணம், சொத்து, கவனிப்பு

இதைத் தனி நாளில், தனிப் பேச்சாக, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எத்தனை மாதம். உறவைப் புதுப்பிக்கும் சந்திப்பில் இதைக் கலக்காதீர்கள். சட்டச் சிக்கல் இருந்தால் இருவரும் சேர்ந்து ஒரே வக்கீலைப் பாருங்கள்.

முதல் வருடம்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேச்சு போதும். வாரத்துக்கு நான்கு தடவை என்று தொடங்கினால் குறையும்போது அது புறக்கணிப்பாகத் தெரியும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் ஒரு சறுக்கல் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். புதுசு தீர்ந்து பழைய எரிச்சல் எட்டிப்பார்க்கும் காலம் அது. மறந்துபோன ஒரு பிறந்தநாள், தாமதமான ஒரு பதில் போதும். அப்போது எடுக்க வேண்டியது அந்தத் தாளைத்தான். புதிய கோபத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள் என்று பாருங்கள்.

சில பேருக்கு இவ்வளவு செய்தும் நெருக்கம் வராது. பொறுக்க முடிகிறது, பிடிக்கவில்லை என்ற அளவில் நின்றுவிடும். அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது: போன் நம்பர் மாறினால், பெரிய நோய் வந்தால், யாராவது இறந்தால், குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், இந்த நான்குக்கு மட்டும் ஒருவருக்கொருவர் நேரடியாகச் செய்தி அனுப்புவது. ஒரே ஒரு குறுஞ்செய்தியில் இதைப் பேசி முடிவு செய்து, அந்த நம்பரைப் போனில் அவசரத் தொடர்புகளில் சேமித்து வையுங்கள். அக்கா என்றோ தம்பி என்றோ, பழைய பெயரிலேயே.